சங்கம் இல்லாத அணி, திடல் இல்லாத பிள்ளைகள்



நீங்களோ உங்கள் பெற்றோரோ தோட்டத்தில் பிறந்தவர்களாக இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பீடோங், குரூண், பாடாங் செராய், லூனாஸ், கூலிம், கோலா கெட்டில் என்று கெடாவின் தென்பகுதியெல்லாம் பால்மரக் காடாக இருந்த காலம் அது. தோட்டம் என்றால் ஒரு கோயில் இருக்கும், ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கும், ஒரு கள்ளுக்கடை இருக்கும், ஒரு திடல் இருக்கும். தோட்டம் விற்கப்பட்டபோது கோயிலைக் காப்பாற்ற ஊரே திரண்டது. பள்ளிக்கூடத்தை மாற்று இடத்திலாவது கட்டித் தாருங்கள் என்று மனு கொடுத்தோம். கள்ளுக்கடை போனதற்கு வருந்தியவர்களும் இருக்கலாம், அவர்கள் கதை வேறு. திடல் போனபோது யார் வாய் திறந்தோம்?

நானும் திறக்கவில்லை. அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பீடோங்குக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் இடையில் இருந்தது. பந்து என்றால் அங்கே கால்பந்துதான். தீபாவளிக் கோப்பை, தைப்பொங்கல் கோப்பை என்று பக்கத்துத் தோட்டங்களோடு மோதல் நடக்கும். ஆனால் 1980களின் தொடக்கத்தில் எங்களில் சிலர் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் படிக்கப் போனோம். அங்கே சீன நண்பர்களோடு சேர்ந்து கூடைப்பந்து பழகினோம். அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. தோட்டத்திலும் ஆட வேண்டும் என்று ஆசை வந்தது.

பால் ஸ்டோருக்கு முன்னால் ஒரு சிமெண்டுத் தளம். காலையில் பால் நிறுக்கும் இடம். மாலையில் காலியாகக் கிடக்கும், வாடை மட்டும் போகாது. ஃபிட்டர் அண்ணன் ஒருவர் பழைய இரும்புக் கம்பத்தை நட்டுக் கொடுத்தார். பெட்டிப் பலகையை அறைந்தோம். வளையத்துக்கு எங்கே போவது? பழைய சைக்கிள் ரிம் ஒன்றைக் கட்டினோம். முறையான வளையத்தின் அகலம் 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி. எங்கள் ரிம் ஏறக்குறைய இரண்டடி! கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் பந்து விழும். நாங்கள் எல்லாரும் பெரிய ஆட்டக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டோம். முதல் தடவை பட்டணத்துச் சீனர் புதுக்கிராமத்துத் தளத்துக்குப் போய் ஆடியபோதுதான் மானம் போனது. எறிந்ததெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறித்தது.

சிரிக்காதீர்கள். இந்த ஆட்டமே அப்படித்தான் பிறந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளே ஆடுவதற்கு ஒரு விளையாட்டைத் தேடினார். இரண்டு பெட்டி வேண்டும் என்று கட்டடக் காவலாளியிடம் கேட்டார். காவலாளியிடம் பெட்டி இல்லை. பீச் பழக்கூடைகள் இரண்டைத் தேடிக் கொடுத்தார். மாடிக் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் அவற்றை அடித்தார்கள். அந்தப் பத்தடிதான் இன்றைக்கும் 3.05 மீட்டர் என்று உலகமெங்கும் சட்டம். ஒவ்வொரு முறை பந்து விழுந்ததும் ஏணி வைத்து ஏறி எடுத்தார்களாம். பழக்கூடையில் தொடங்கிய ஆட்டத்துக்குச் சைக்கிள் ரிம் ஒன்றும் குறைவில்லை.

மூன்று தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஓர் அணி ஆனோம். அணிக்கு ஒழுங்கான பெயர் கூட இல்லை. பனியனில் எண்ணைச் சாயத்தால் எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் புதுக்கிராமத்துத் தளத்தில் விளக்கு வெளிச்சத்தில் நட்பு ஆட்டம் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் அங்கிருந்த பெரியவர் ஒருவர் எங்களுக்கும் சேர்த்தே சோயாப் பால் வாங்கிக் கொடுப்பார். பிறகு ஒரு தடவை மாவட்டப் போட்டியில் சேரலாம் என்று பாரம் வாங்கி வந்தோம். அதில் ஒரு கட்டம், எந்தச் சங்கத்தைச் சேர்ந்த அணி என்று. நாங்கள் எந்தச் சங்கம்? தோட்டத்துப் பிள்ளைகள், அவ்வளவுதான். கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தோம். பாரம் திரும்பி வந்தது.

ஏற்பாட்டாளர்களைக் குறை சொல்லவில்லை. விளையாட்டு உலகம் ஏணிப்படி மாதிரி. அணி கிளப்பில் சேர வேண்டும், கிளப் மாநிலச் சங்கத்தில், மாநிலச் சங்கம் மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில், அது உலகச் சம்மேளனத்தில். முதல் படியில் கால் வைக்காதவன் கடைசிப் படியைப் பார்க்க முடியாது. இந்த ஏணி எங்கே இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் இருந்தார், கட்சிக் கிளைத் தலைவர் இருந்தார், கோயில் தலைவர் இருந்தார். கட்சிக் கிளை மூலம் ஒரு பந்து வந்தது. அதுவும் கால்பந்து!

பிறகு என்ன? தோட்டம் கைமாறியது. ஒருவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போனான், ஒருவன் லோரி ஓட்டப் போனான். எங்கள் ஆட்டங்களின் புள்ளிகளை ஒரு நண்பன் பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தான். லயத்து வீட்டைக் காலி செய்தபோது அதுவும் காணாமல் போனது. ஆறு ஏழு ஆண்டு ஆடிய ஓர் அணி இருந்ததற்கு இன்று ஒரே ஒரு புகைப்படம்தான் சாட்சி.

வாசகர்களே, உலகத்தில் சங்கம் இல்லாத அணிகள் நாம் மட்டும் அல்ல. ஸ்பெயினில் கத்தலோனியா என்று ஒரு பகுதி இருக்கிறது. அவர்களுக்குத் தனி மொழி உண்டு, 1939 முதல் 1975 வரை சர்வாதிகார ஆட்சியில் அந்த மொழி அடக்கி வைக்கப்பட்டது. கூடைப்பந்து அவர்களின் உயிர். 2006-இல் ஸ்பெயின் உலக வாகை சூடியபோது அந்த அணியில் இருந்த பாவ் கசோல், மார்க் கசோல் சகோதரர்கள் பார்சலோனாவில் பிறந்தவர்கள். கத்தலோனியாவுக்கென்று தனிக் கூடைப்பந்து அணி உண்டு. ஆனால் உலகச் சம்மேளனம் அதைத் தனி நாட்டு அணியாக ஏற்பதில்லை. உலகக் கிண்ணத்தில் ஆட முடியாது, நட்பு ஆட்டம்தான். கேட்பதற்கு எங்கள் கதை மாதிரி இருக்கிறது அல்லவா?

ஒரு பெரிய வேறுபாடு. அவர்களுடைய கூடைப்பந்து சம்மேளனம் 1923-இல் தொடங்கியது. வெளியே யார் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் உள்ளூர் கிளப்புகள் அதில் பதிவு, பிள்ளைகள் ஆட்டம் முதற்கொண்டு அட்டவணை, புள்ளி, பெயர் எல்லாம் எழுத்தில்.

நம் இனத்திலேயே இன்னொன்று. தமிழீழக் கால்பந்து அணி. ஈழத்தில் போர் 2009-இல் எப்படி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றே ஆண்டுகளில், 2012-இல், ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் ஓர் அணியாகி, ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் நடந்த விவா உலகக் கிண்ணத்தில் ஆடினார்கள். அது ஃபிஃபாவில் சேர முடியாத அணிகளுக்கான போட்டி. 2013-இல் அப்படிப்பட்ட அணிகளுக்காகவே கோனிஃபா என்ற அமைப்பு உருவானது. 2014-இல் சுவீடனின் ஓஸ்டர்சுண்டு நகரத்தில், 2018-இல் லண்டனில் என்று அதன் உலகப் போட்டிகளிலும் தமிழீழ அணி ஆடியது. கோப்பை வாங்கினார்களா என்று கேட்காதீர்கள். வாங்கவில்லை. ஆனால் எந்த ஆண்டு, எந்த ஊர், எதிரணி யார், கோல் எத்தனை என்று இன்று யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஊரை இழந்து நாலு திசையும் சிதறியவர்கள் செய்தார்கள். ஊரிலேயே இருந்த நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காப்பாற்றவில்லை.

சங்கத்தில் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மிஃபா அணியைப் பார்த்தோம். மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்தின் அணி. முறைப்படி பதிவாகி, படிப்படியாக ஏறி 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி சூப்பர் லீக்குக்கே போனது. நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று டிவி முன்னால் உட்கார்ந்த குடும்பங்களில் என் குடும்பமும் ஒன்று. 2022 பருவத்தோடு லீக்கை விட்டு விலகிவிட்டார்கள். மேலே கட்டியது நின்றால் கீழே தானாக வளரும் என்று நினைத்தோம். கீழே சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பிள்ளைகள் பந்தை உருட்டுவதற்கே இடம் இல்லை.

இடம்! இதுதான் விஷயம். தோட்டத்துத் திடல் நம்முடையது என்று நினைத்தோம். நூறு ஆண்டு ஆடினாலும் அது கம்பெனி நிலம்தான். கம்பெனி விற்றால் கோல்கம்பத்தோடு சேர்த்து விற்கும். 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோதே இது தெரிந்திருக்க வேண்டும். துன் வீ.தி. சம்பந்தனுக்குத் தெரிந்தது. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டம் வாங்கினார். முதலில் வாங்கியது எது தெரியுமா? நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம் தோட்டம், 1961-இல். நிலம் நம் பெயரில் இருந்தால் திடலும் நம் பெயரில். மற்றத் தோட்டங்களில் அந்தக் கொடுப்பினை இல்லை.

சீனர் புதுக்கிராமத்தைப் பாருங்கள். அவசரகாலத்தில், 1950 முதல், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வீடு வாசலைப் பிடுங்கி முள்வேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் விரும்பிப் போன இடம் அல்ல. ஆனால் பின்னாளில் அங்கே ஒரு மண்டபம், பக்கத்தில் சிமெண்டுத் தளம், இரண்டு பக்கமும் வளையம் என்று அமைத்துக்கொண்டார்கள். சீனப்பள்ளியிலும் அதே. காலையில் பள்ளிக்கூட ஒன்றுகூடல், மாலையில் பந்து, இரவில் கல்யாண விருந்து. ஒரு தளம் மூன்று வேலை செய்யும். பொறாமைப்படச் சொல்லவில்லை. எங்களுக்கு அங்கே சோயாப் பால் கொடுத்திருக்கிறார்கள். பார்த்துப் பழகச் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். கால்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கூடைப்பந்துத் தளம் 28 மீட்டர், 15 மீட்டர். ஒரு கால்பந்துத் திடலின் பரப்பளவு பதினேழு கூடைப்பந்துத் தளத்துக்குச் சமம். மூவர் கூடைப்பந்து என்று ஒன்று வந்திருக்கிறது, 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பாதித் தளமும் ஒரே வளையமும் போதும். அணிக்கு நான்கே பேர். முக்கியமான விஷயம், மூவர் ஆட்டத்தில் உலகத் தர வரிசைப் புள்ளிகள் ஒவ்வோர் ஆட்டக்காரர் பெயரிலும் தனித்தனியாகச் சேர்கின்றன. எங்கள் காலத்தில் பாரத்தைத் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டம் இங்கே அவ்வளவு பெரிய சுவர் இல்லை.

இன்று நம்மவர் பலர் மலிவுவிலை அடுக்குமாடியில் இருக்கிறோம். அங்கே யாரும் கால்பந்துத் திடல் தரப் போவதில்லை, மனு எழுதி எழுதிக் கை வலிப்பதுதான் மிச்சம். 28-க்கு 15 மீட்டர் கேட்கலாம். பாதித் தளம் கேட்கலாம். வீடமைப்புத் திட்டம் என்றால் 10 விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும் என்று நகர்த் திட்டமிடல் வழிகாட்டி சொல்கிறது. உங்கள் தாமானில் அந்த 10 விழுக்காடு எங்கே என்று எப்போதாவது கேட்டீர்களா? சில இடங்களில் அது மின்கம்பிக்கு அடியில் இருக்கும், சில இடங்களில் கால்வாய் ஓரம் இருக்கும். 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது நீங்கள் போய்ப் பார்க்கலாம், ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். சுங்கைப் பட்டாணி, கூலிம் நகராண்மைக் கழகங்கள் வைக்கும்போது நம்மவர் எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்?

என் தங்கை மகனுக்குப் பதினாறு வயது. அவனும் அடுக்குமாடிப் பிள்ளைகள் எட்டுப் பேரும் மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடத்தில் வளையம் மாட்டி ஆடினார்கள். சத்தம் என்று புகார் வந்தது, வளையத்தைக் கழற்றினார்கள். புகார் கொடுத்தவரையும் குறை சொல்ல முடியாது, இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற மனிதர். "மாமா, வேற எடம் கேட்டுக் குடுங்க" என்றான். ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். முகப்பில் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கடைசியில் கேட்டார், "எந்தச் சங்கம்?"

நாற்பது ஆண்டு ஆகியும் அதே கேள்வி! எனக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. என் வயதில் பாதியை இந்தச் சமூகம் விழித்தெழ வேண்டும் என்று பேசியே கழித்திருக்கிறேன். பதில் தயாராக வைத்திருக்கவில்லை.

1997-ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று சொல்கிற சட்டம். அதைத் தடைச்சுவர் என்று பார்க்கிறோம். கதவு என்றும் பார்க்கலாம். மாவட்டத்திலேயே இளைஞர், விளையாட்டு அலுவலகம் இருக்கிறது, போய்க் கேட்டால் என்னென்ன தாள் வேண்டும் என்று சொல்வார்கள். செயலாளர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர், கூட்டக் குறிப்பு ஒரு நோட்டு. கோயில் நிர்வாகம் நடத்தத் தெரிந்த நமக்கு இது பெரிய வித்தையா? சண்டை போடாமல் நடத்துவதுதான் வித்தை என்பீர்கள். அதுவும் உண்மைதான். 2009-இல் புக்கிட் செலம்பாவ் இடைத்தேர்தலில் 15 பேர் நின்றார்கள், அதில் 13 பேர் சுயேச்சை. ஒரு கூடைப்பந்து அணிக்கே 12 பேர்தான்!

விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு, சோற்றுக்கே வழியைப் பாருங்கள் என்று சிலர் சொல்லலாம். அவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. ஜப்பான்காரன் போன பிறகு, 1946, 1947-இல், பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். இளைஞர்கள் கூடி அணிவகுப்புப் பழகினார்கள். கள்ளுக்கடையை மூடு என்று மறியல் செய்தார்கள். அந்தக் காலத்துச் சோற்றுப் பஞ்சம் உங்களுக்குத் தெரியும், மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். அந்த நிலையிலும் உழைத்து முடித்தவனுடைய மாலை நேரம் யார் கையில் போகிறது என்று கவலைப்பட்டவர்கள் நம் பாட்டன்மார். அன்றைக்குக் கள்ளுக்கடை. இன்றைக்கு உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரவு பத்து மணிக்குப் பையன்களோடு நின்று பேசுகிறவன் யார் என்று உங்களுக்கே தெரியும். அவன் எந்தச் சங்கம் என்று கேட்பதில்லை. உடனே சேர்த்துக்கொள்கிறான்.

அடுத்த மாதம் தங்கை மகனும் அவன் நண்பர்களும் பெற்றோர் மூன்று பேரும் சேர்ந்து மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறோம். அணியின் பெயரை இன்னும் முடிவு செய்யவில்லை. பையன்கள் ஆங்கிலப் பெயர் வேண்டும் என்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். நோட்டுப் புத்தகம் மட்டும் நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன், அட்டை போட்டது. முதல் பக்கத்தில் எட்டுப் பெயர், பிறந்த ஆண்டு, அப்பா அம்மா எந்தத் தோட்டம் என்று எழுதச் சொன்னேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தோட்டத்தின் பெயர் தெரியவில்லை. வீட்டில் கேட்டு வந்து எழுதினார்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய அணிப் படம் ஏதாவது இருக்கும். கால்பந்தோ, கைப்பந்தோ, சடுகுடுவோ, எதுவாக இருந்தாலும் சரி. அப்பா, பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் படத்தின் பின்பக்கம் பெயர்களை எழுதி வையுங்கள். எங்கள் படத்தில் ஏழு பேர் நிற்கிறோம். ஆறு பேர் பெயர் தெரியும், அதில் இருவர் இறந்துவிட்டார்கள். இடது ஓரத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மூன்றாவது டிவிசன் லயத்துப் பிள்ளை என்பது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. மூன்று தோட்டத்து ஆட்களிடமும் கேட்டுவிட்டேன். பீடோங் பக்கத்து வாசகர்கள் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.